செங்கம் கணவாயும் ஒரு ருமேனியரும்

சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே செங்கத்துக்குப் போகிற சாலைதான் பழைய செங்கம் கணவாய் வழி. 1767-ல் ஹைதர் அலியும் கும்பினிப் படையும் மோதியது இந்த வட்டாரத்தில்தான். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஆநிரை கவர்தலும் மீட்டலும் ஓயாமல் நடந்தன. மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். அவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகத் தொகுத்தது. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்ததாம். எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் அழிந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் தங்கிவிட்டது!

ருமேனியாவிலும் ஒரு மேய்ச்சல் கதை உண்டு. 'மியோரிட்சா' என்ற அந்த நாட்டுப்பாடல் 1850-ல் அச்சேறியது. மூன்று பகுதிகளைச் சேர்ந்த மூன்று இடையர்கள். மந்தைக்காக ஒருவனைக் கொல்ல மற்ற இருவரும் திட்டம் போடுகிறார்கள். அவனுடைய ஆடே வந்து எச்சரிக்கிறது. அவன் ஓடவுமில்லை, தடியெடுக்கவுமில்லை. தன் சாவை இயற்கையோடு நடக்கும் கல்யாணமாகச் சொல்லச் சொல்கிறான். ருமேனியர் என்றால் யார் என்ற விவாதம் எப்போது எழுந்தாலும் இந்த இடையன் வந்துவிடுவான். கருந்தேவக்கத்தி இவனை என்ன நினைத்திருப்பானோ!

இந்தப் பாடலை ஆழமாக ஆராய்ந்தவர் ருமேனிய அறிஞர் மிர்ச்சா எலியாடே (1907–1986). இந்தியத் தத்துவம் படிக்க 1928-ல் கொழும்பு வழியாகச் சென்னை வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் தத்துவ அறிஞர் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவைச் சந்தித்து, அவரிடம் பயிலக் கல்கத்தா போனார். தாஸ்குப்தாவின் மகள் மைத்ரேயியோடு ஏற்பட்ட காதலால் 1930-ல், தங்கியிருந்த அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்துப் போய்ச் சேர்ந்தது ரிஷிகேசம். அங்கே அவருக்கு அறிமுகமானவர் சுவாமி சிவானந்தர், நம் பத்தமடைக்காரர்.

இந்தியக் கிராமங்களைப் பார்த்தபோது எலியாடேக்கு ஒன்று உறைத்தது. உழவும் பருவமும் சார்ந்த சடங்குகளில் ருமேனியக் குடியானவனும் இந்தியக் குடியானவனும் ஒரே தொன்மையான வேளாண் பண்பாட்டின் வாரிசுகள். அப்படியானால் ஐரோப்பியப் பண்பாடு என்பது ஏதென்சும் ரோமும் பாரிசும் மட்டுமல்ல. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடியானவனும் அதில் பங்காளி. மேற்கு ஐரோப்பாவின் முன் கூனிக்குறுகி நின்ற ஒரு சிறிய நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

அந்தத் தெம்பு போன திசைதான் கோணலானது. முதல் உலகப் போருக்குப் பிறகு விரிவடைந்த ருமேனியாவில், 1930 கணக்கெடுப்பின்படி, பத்தில் ஏழு பேர்தான் ருமேனியர். மற்றவர்கள் ஹங்கேரியர், ஜெர்மானியர், யூதர் எனப் பலர். 1937-ல் எலியாடே யூத வெறுப்பு இயக்கமான 'இரும்புக் காவல்' படையை ஆதரித்து எழுதினார். அடுத்த ஆண்டு அதற்காகச் சிறைமுகாமிலும் இருந்தார். அதே 1938-ல் ருமேனிய அரசு கொண்டுவந்த ஆணையால் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் குடியுரிமை இழந்தார்கள். வங்காளத்துக் குடியானவனை உறவு என்றவருக்குப் பக்கத்துத் தெரு யூதர் அந்நியரானார். போருக்குப் பின் பாரிசில் வாழ்ந்து, பிறகு சிகாகோவில் பெரும் பேராசிரியராக இருந்தவர், அந்த எழுத்துகளுக்காக வெளிப்படையாக வருந்தியதில்லை.

யார் உறவு, யார் அந்நியர் என்ற கேள்வி நமக்கும் உண்டு. ஓசூர் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி மொழிவாரி மாநிலங்களை விரும்பவில்லை. 1956-ல் மொழிவாரியாக எல்லைகள் வரையப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. தெலுங்கரும் கன்னடரும் யாருக்கும் விருந்தாளியாகிவிடவில்லை, வீட்டுக்காரராகவே இருக்கிறார்கள். தொன்மையான வேர் பற்றி எலியாடே சொன்னதை நான் ஏற்கிறேன். அந்த வேரைக் காட்டி அண்டை வீட்டாரை வெளியே தள்ளலாம் என்பதை ஏற்க முடியாது.

எலியாடேயின் நெருங்கிய நண்பராக இருந்த யூத எழுத்தாளர் மிஹாய் செபாஸ்டியன் 1935 முதல் 1944 வரை நாட்குறிப்பு எழுதினார். நண்பர் மாறிய விதம் அதில் பதிவாகியிருக்கிறது. 1996-ல்தான் புத்தகமாக வந்தது. எலியாடேயைத் தேடிப் படிக்கிறவர்கள் அதையும் கூடவே படித்துவிடுங்கள்.