மாடி அறையில் ஒரு மனைவி

'சாந்தி நிலையம்' பார்த்திருக்கிறீர்களா? 1969-ல் வந்த ஜெமினி படம். ஜி.எஸ்.மணி டைரக்‌ஷன். ஜெமினி கணேசன், காஞ்சனா, அப்போதுதான் சினிமாவில் பாட வந்திருந்த எஸ்.பி.பி-யின் குரல்... ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருதே கிடைத்தது. இன்றைக்கும் மதுரையில் டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிடும் பெரிசுகள் உண்டு!

கதை இங்கிலாந்துச் சரக்கு. 1847-ல் சார்லட் பிராண்ட்டி என்ற பெண், 'கரர் பெல்' என்ற புனைபெயரில் எழுதிய 'ஜேன் அயர்' நாவல். பெரிய பங்களாவுக்குப் பாடம் சொல்லித்தர வருகிறாள் ஓர் அநாதைப் பெண். எஜமானருக்கும் அவளுக்கும் காதல். மேல்மாடியிலிருந்து மட்டும் அவ்வப்போது ஒரு விநோதச் சிரிப்பு! சர்ச்சில் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில் குட்டு உடைகிறது. சித்தம் கலங்கிய முதல் மனைவி, மேலே பூட்டிய அறையில்!

டைவர்ஸ் பண்ணிவிட்டுப் போகவேண்டியதுதானே என்பீர்கள். முடியாது சார். அன்றைய இங்கிலாந்தில் டைவர்ஸுக்கு பார்லிமென்ட் தனிச்சட்டம் போடவேண்டும். அதற்கும் மனநோய் ஒரு காரணமே இல்லை. 1937-ல்தான் ஆனது.

நம் ஊரில் தலைகீழ். இந்து ஆண் எத்தனை பேரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ரகசிய அறைக்கு வேலையே இல்லை! சென்னை மாகாணத்தில் 1949-ல்தான் அதற்குத் தடை வந்தது. 1955 இந்து திருமணச் சட்டமோ, தீராத மனநோய் மூன்று வருஷம் நீடித்தால் டைவர்ஸ் கேட்கலாம் என்றது. ஆக, 1969-ன் தமிழ் ஹீரோ கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஆனாலும் படத்தின் ஆதார முடிச்சு, மறைத்து வைக்கப்பட்ட மனைவிதான். தியேட்டரில் யாருக்கும் இடித்திருக்காது. வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்களுக்கு வரன் அமையாதே என்ற பயம் நமக்குப் பழகியதுதானே?

நாவலில் அந்த மனைவி வீட்டுக்குத் தீ வைத்து, கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். அவள் தரப்பைக் கதையாக்க 1966-ல் ஜீன் ரைஸ் வரவேண்டியிருந்தது.

தீ என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் தாண்டிப் போனால் ஏர்வாடி. தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்துக்காரர்களும் உறவுகளைக் கூட்டிவருவார்கள். சிலர், அங்கிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்களின் காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள்.

சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். கொஞ்சம் பேர் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பலரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.