கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில் ஒரு சர்தார்ஜி

செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், கண்டக்டர் "கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸ்" என்று கூவியதும் கோட்டை வந்துவிட்டது என்று இறங்கிவிட்டேன். (சிரிக்காதீர்கள், புதிதாக வருகிற பலரும் செய்வதுதான்.) கோட்டை இருப்பதோ ஊரின் மேற்குக் கோடியில். நான் நின்றது முஷீராபாத் பக்கம். அங்கேதான் 'ஹெப்ரோன்' என்ற பெயரை முதலில் பார்த்தேன். ஏதோ கிறிஸ்தவ சபை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அதை ஆரம்பித்தவர் ஒரு சர்தார்ஜி என்று ஆபீஸில் ஒருவர் சொன்னபோதுதான் ஆர்வம் வந்தது. ஹைதராபாத்தில், தெலுங்கு பேசும் மக்கள் நடுவில், சர்தார்ஜியா?

பக்த் சிங். 1903-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில், ஜோயியா கிராமத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தும் கிறிஸ்தவத்தின் மேல் வெறுப்புதான். பரிசாக வந்த பைபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டை அழகாக இருந்ததால் அதை மட்டும் வைத்துக்கொண்டாராம். மதம் மாறமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு 1926-ல் லண்டன் கிங்ஸ் காலேஜுக்கு எஞ்சினியரிங் படிக்கக் கப்பலேறினார். அங்கே போனதும் முடியை வெட்டினார். சிகரெட், குடி எல்லாம் வந்தது. அம்மாவிடம் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது, பையன்தான் மாறிப்போனான்!

பிறகு மேற்படிப்புக்குக் கனடா. 1929 டிசம்பரில் வின்னிபெக்கில் ஒரு நண்பரிடம் பைபிளைக் கேட்டு வாங்கி, யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் படிக்கும்போது மனம் திரும்பினார். 1932-ல் வான்கூவரில் ஞானஸ்நானம்.

நான் கிறிஸ்தவன் இல்லை. பாங்கில் இருபது வருஷமாக லோன் கொடுக்கிறவன். "இனிமேல் ஒழுங்காகக் கட்டுகிறேன் சார்" என்பதை நிறையக் கேட்டவன். அதனால் வின்னிபெக் இரவு என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. அசைத்தது பம்பாய்.

1933-ல் ஊர் திரும்பியபோது பெற்றோர் பம்பாய்க்கே வந்து காத்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. உன் நம்பிக்கையை நீ வைத்துக்கொள், குடும்ப மானத்துக்காக வெளியே மட்டும் சொல்லாதே, அவ்வளவுதான். தலையாட்டியிருந்தால் எஞ்சினியர் வேலை, சொத்து, வீடு எல்லாம் இருந்தது. முடியாது என்றார். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அவர் மாறியது உண்மை என்று தெரிந்தது அந்த இடத்தில்தான். நம்மில் எத்தனை பேர் தலையாட்டாமல் இருந்திருப்போம்?

அதன்பின் தெருத்தெருவாகப் பிரசங்கம். 1937-ல் பஞ்சாபின் மார்ட்டின்பூரில் பெரிய எழுப்புதல். 1941-ல் நம் சென்னை. பல்லாவரம் மலைமேல் சிலருடன் இரவு முழுக்க ஜெபித்துவிட்டு, 'யெகோவா ஷம்மா' சபையைத் தொடங்கினார். மேல்நாட்டு மிஷன்களைச் சாராத, நம்மவர்களே நடத்துகிற சபை. 1950-ல் ஹைதராபாத்தில் ஹெப்ரோன். பெரிய கூட்டங்களில் எல்லாரும் பந்தலில் தங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்ன ஜாதி என்று பார்த்து இலை போடும் வழக்கம் கிடையாது. பணம் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதும் கிடையாது. இந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும் என்று பி.காம் மூளை எவ்வளவோ குடைந்து பார்த்தது. ஆகியிருக்கிறது, ஐம்பது வருஷம்.

கடைசிக் காலத்தில் நடுக்குவாதத்தில் படுக்கையோடு கிடந்து, 2000 செப்டம்பர் 17-ல் ஹெப்ரோனில் காலமானார். நாராயண்குடா கல்லறையில் அடக்கம். இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டக் கணக்கை நான் எப்போதும் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன். பாதி என்றாலும், குடும்பம் விட்டுப்போன ஒருவருக்கு அது சின்னக் கூட்டமில்லை.

நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மா, "போற இடத்துல ஆளே மாறிடாதடா" என்றாள். போன வருஷம் பையன் கனடாவுக்குப் படிக்கக் கிளம்பியபோது ஏர்போர்ட்டில் நானும் அதையே சொன்னேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். முடியைத் தோள்வரை வளர்த்திருக்கிறான். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.