மெல்பர்னிலிருந்து புதுச்சேரிக்கு: ஒரு கொசுவின் வரலாறு

குளிர்ந்த ஊரான மெல்பர்னில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு நிலைகொள்ளவில்லை. ஆனாலும் டெங்குவுக்கு எதிராக நம் காலத்தில் எடுக்கப்பட்ட பெரிய முயற்சிகளுள் ஒன்று அங்குள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்துதான் நடத்தப்பட்டது.

1924இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மார்ஷல் ஹெர்டிக்கும் சிமியோன் வோல்பாக்கும் சாதாரண வீட்டுக் கொசு ஒன்றின் உடலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். பின்னாளில் அதற்கு வோல்பாக்கியா என்று பெயர் வைத்தார்கள். ஏராளமான பூச்சிகளில் இயல்பாகவே வாழும் இந்தக் கிருமி ஏடிஸ் எஜிப்தியில் இல்லை. மோனாஷ் முயற்சியை முன்னின்று நடத்திய ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஸ்காட் ஓ'நீலின் குழு, பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியாவை அந்தக் கொசுவுக்குள் குடியேற்ற முயன்றது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத முட்டைக்குள் நுண்ணூசியால் கிருமியைச் செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான முட்டைகளில் முயன்று, ஆண்டுக்கணக்கில் உழைத்த பிறகே கைகூடியது. வோல்பாக்கியா உள்ள கொசுவுக்குள் டெங்கு வைரஸ் எளிதில் பெருகுவதில்லை என்று 2009இல் தெரியவந்தது. தாய்க்கொசு வோல்பாக்கியாவைத் தன் குஞ்சுகளுக்குக் கடத்துகிறது. கிருமியுள்ள ஆண், கிருமியில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிவதில்லை. இதனால் சில தலைமுறைகளில் ஊர்க் கொசுக்கூட்டமே மாறிவிடும்.

2011 ஜனவரியில் குவீன்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் பகுதியில் இந்தக் கொசுக்களை முதன்முதலாகத் திறந்தவெளியில் விட்டார்கள். பிறகு டவுன்ஸ்வில் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளே பெட்டிகளில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள்.

ஏழை நாடுகளுக்கு இந்த முறையின் அருமை தெரியும். வெப்பம் கூடக் கூடக் கொசுவுக்குள் வைரஸ் முற்றும் காலம் குறைகிறது. மழை பொய்த்தால் மக்கள் டிரம்களிலும் தொட்டிகளிலும் தண்ணீர் பிடித்துவைக்கிறார்கள். மழை கொட்டினால் பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் நிரம்புகின்றன. இரண்டுமே ஏடிஸுக்கு வாய்ப்பு. ஒவ்வொரு பருவத்திலும் புகை மருந்து அடித்து, காய்ச்சல் வார்டுகளுக்குப் படுக்கை தேடி அல்லாடும் சுகாதாரத் துறைக்கு, ஒருமுறை விட்டால் தானே நிலைக்கும் கொசு பெரிய ஆறுதல்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அது மெய்யானது. காட்ஜா மாடா பல்கலைக்கழகப் பேராசிரியை ஆதி உதாரினி தலைமையில் நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் 2017இல் கொசுக்களை விட்டார்கள். சம்மதித்த வீட்டு முற்றங்களில் மூடிபோட்ட சிறு வாளிகள் வைக்கப்பட்டன. உள்ளே தண்ணீர், புழுக்களுக்கு இரை, முட்டை ஒட்டிய பட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணியாளர்கள் வந்து அதை மாற்றினார்கள். பலனை அளந்த இடம் ஆரம்ப சுகாதார நிலையங்கள். காய்ச்சலோடு அங்கு வந்து ஆய்வில் சேர்ந்தவர்களில், கொசு விட்ட பகுதிகளைச் சேர்ந்த 2,905 பேரில் 67 பேருக்கே டெங்கு இருந்தது. விடாத பகுதிகளின் 3,401 பேரில் 318 பேருக்கு. டெங்கு 77 சதவீதமும், அதற்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்தன என்று 2021இல் முடிவு வெளியானது.

2017இல் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட இலங்கையில், ஆஸ்திரேலிய உதவியோடு கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளில் 2020இல் இந்தக் கொசுக்கள் விடப்பட்டன. அதற்கு முன்பே பிஜி, வனுவாட்டு, கிரிபாட்டி தீவுகளிலும் விட்டிருந்தார்கள்.

ஆனால் எந்த வெயில் டெங்குவை வளர்க்கிறதோ, அதுவே வோல்பாக்கியாவையும் வாட்டுகிறது. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸில் வெப்பம் 42.6 டிகிரியைத் தொட்டது. அப்போது கொசுக்களின் உடலில் கிருமியின் அளவு சரிந்ததை மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில மாதங்களில் அது மீண்டது. ஆனால் அத்தகைய வெயில் ஆண்டுதோறும் வரும் ஊர்களில் என்ன ஆகும்? மலேசியாவில், சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறொரு வோல்பாக்கியா வகையை விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மோனாஷோடு கைகோத்த புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இரண்டு வகைக் கிருமிகளையும் தனித்தனியே தாங்கிய உள்ளூர்க் கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் கொதிக்கும் தண்ணீரில் வளரும் புழுவுக்குள் எந்த வகை நிலைக்கும் என்பதை இங்கேயே அளந்தாக வேண்டும். கொசு விட்ட பிறகும், ஊர் ஊராகப் பிடித்து, கிருமி இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அந்த வேலை வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் களப்பணியாளர்களின் தலையில்தான் விழும். அவர்களுக்கு நிலையான வேலையும் ஆய்வகங்களுக்குத் தொடர்ந்த நிதியும் இப்போதே உறுதிசெய்யப்பட வேண்டும்.