மஞ்சள் ஆறும் கேட்கப்படாத பொறியாளரும்

"நிபுணர்களைக் கலந்து பேசித்தான் முடிவு எடுத்தோம்." தலைவர்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். எப்போது கலந்து பேசினார்கள்? மறுத்துச் சொன்னவருக்கு என்ன ஆயிற்று? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. சீனாவின் சான்மென்ஷியா அணை.

மஞ்சள் ஆற்றைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். "சீனாவின் துயரம்" என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலை அது அடித்துக்கொண்டு வந்தது. வண்டல் படிந்து படிந்து படுகை உயரும், ஒருநாள் கரை உடையும், ஊர்கள் மூழ்கும். ஞானி ஒருவர் தோன்றும்போது மஞ்சள் ஆறு தெளியும் என்று சீனாவில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1955-ல் துணைப் பிரதமர் தெங் ஸிஹுய், சில ஆண்டுகளில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தெளிந்த நீர் ஓடும் என்று தேசிய மக்கள் காங்கிரஸிலேயே அறிவித்துவிட்டார். அதற்கான திட்டம்தான் சான்மென்ஷியா. வரைபடம் சோவியத் யூனியனிலிருந்து வந்தது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். அணை வேலை தொடங்கியது 1957 ஏப்ரலில். சுமார் 70 நிபுணர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது 1957 ஜூனில்! அதாவது, கொத்தனார் வந்த பிறகு மனை பார்த்த கதை.

அந்தக் கூட்டத்தில் அணையே வேண்டாம் என்று வாதாடியவர் சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி. அவருடைய வாதம் எளிமையானது. தேங்கும் நீர் வேகம் இழக்கும். வேகம் இழந்த நீர் வண்டலைக் கீழே போடும். அது அணைக்கு மேல்பகுதியில் படியும். இன்று கீழே ஹெனான் மாகாணத்தில் வரும் வெள்ளம் நாளை மேலே ஷான்சி மாகாணத்தில் வரும். வென் ஷான்சாங் என்ற இளம் பொறியாளர் அணையின் உயரத்தையாவது குறைக்கச் சொன்னார். இரண்டும் எடுபடவில்லை. கடைசியில், அணைக்கு அடியில் உள்ள துளைகளை மட்டுமாவது மூடாமல் விடுங்கள், பின்னால் வண்டலை வெளியேற்ற உதவும் என்று ஹுவாங் கேட்டார். அதையும் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள்.

1960 செப்டம்பரில் நீரைத் தேக்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 150 கோடி டன் வண்டல் உள்ளே படிந்தது. தோங்குவான் என்ற இடத்தில் படுகை நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அங்கே வந்து சேரும் வெய் ஆற்றின் வாய் அடைபட, பழம்பெரும் சியான் நகரத்துக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. 1962-லேயே முழுமையாக நீர் தேக்குவதைக் கைவிட்டார்கள். அடைத்த துளைகளை 1970 முதல் பெரும் செலவில் மறுபடி உடைத்துத் திறந்தார்கள். 1,160 மெகாவாட் மின்சாரம் என்று போட்ட திட்டம், மாற்றங்களுக்குப் பிறகு 250 மெகாவாட்டாகச் சுருங்கியது. இதற்காக ஊரை விட்டுப் போனவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர்.

ஹுவாங்குக்கு என்ன ஆயிற்று? அரசு வேலைகளைக் கிண்டல் செய்து எழுதியதற்காக அதே 1957-ல் அவருக்கு "வலதுசாரி" என்று முத்திரை குத்தினார்கள். உடல் உழைப்புக்கு அனுப்பினார்கள். 1980-ல்தான் அந்த முத்திரை நீங்கியது. 2001-ல் இறந்தார். 2003-ல் வெய் ஆறு பெருகி ஷான்சியில் பெரும் சேதம் விளைவித்தது. அவர் சொன்ன அதே மாகாணம்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. சுமார் 70 பேரில் எத்தனை பேருக்கு உள்ளுக்குள் ஹுவாங் சொன்னது சரி என்று தோன்றியிருக்கும்? தலைவர் ஏற்கனவே நாள் குறித்துவிட்ட காரியத்தில் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? அறிவுரை கேட்காத தலைவரைச் சுற்றிக் கொஞ்ச நாளில் அறிவுரை சொல்பவர்களே இருக்க மாட்டார்கள். அதன் பிறகு அவர், "எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொண்டார்கள்" என்று சொன்னால் அது பொய்யாகக்கூட இருக்காது. பயமே அதுதான்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது நிபுணர்களைக் கேட்டோம் என்று சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் கேட்டீர்கள்? வேண்டாம் என்று சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்?