ஆறு பவுண்டில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி

சாஃப்ட்வேர் எழுதுபவர்களை வேலையில் உற்சாகமாக வைத்திருப்பது எப்படி? இந்தக் கேள்வி வந்தாலே சம்பள உயர்வு, இலவசச் சாப்பாடு, டேபிள் டென்னிஸ், வருடத்துக்கு ஒரு டூர் என்று பட்டியல் நீளும். இவை எதுவும் இல்லாமல், ஏன், ஒரு அலுவலகம்கூட இல்லாமல் இதற்கு விடை கண்ட கம்பெனி ஒன்று 1962லேயே இங்கிலாந்தில் இருந்தது. பெயர் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்.

தொடங்கியவர் ஸ்டெஃபனி ஷர்லி. 1933ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லரிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற ஓடிய ரயில்களில் ஒன்றில் ஏறி, 1939ல், ஐந்து வயதில், அக்காவுடன் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மாலை வகுப்புகளில் படித்தே கணிதப் பட்டம் வாங்கினார். திறமை இருந்தது, ஆனால் பெண் என்பதால் ஒரு படிக்கு மேல் ஏற விடவில்லை.

அன்றைய இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலை கற்ற பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவது வழக்கம். கற்ற தொழில் வீட்டில் சும்மா கிடந்தது. யாரும் கண்டுகொள்ளாத இந்த மூலதனத்தை ஷர்லி கண்டுகொண்டார். கையில் இருந்து போட்ட பணம் 6 பவுண்டு. அலுவலகம், வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்போது சாஃப்ட்வேர் என்பது மெஷின் வாங்கினால் கூடவே இலவசமாக வருவது. ஐபிஎம் நிறுவனமே அதற்குத் தனி விலை வைக்க முடிவு செய்தது 1969ல்தான். வேலை கேட்டு ஷர்லி எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. கணவர் சொன்ன யோசனைப்படி "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பதில்கள் வந்தன!

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி புரோகிராம் எழுதினார்கள்? பென்சிலும் காகிதமும் போதும். ஃப்ளோ சார்ட் வரைந்து, தாளில் கோடு எழுதி, தபாலில் அனுப்புவார்கள். அது பிறகு அட்டையில் துளையிடப்பட்டு மெஷினுக்குப் போகும். வீட்டில் முக்கியமாகத் தேவைப்பட்டது ஒரு தொலைபேசி. வாடிக்கையாளர் போன் செய்யும்போது குழந்தைச் சத்தம் கேட்கக்கூடாதே என்று, டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டார் ஷர்லி.

முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். குழந்தை தூங்கிய பிறகு எழுதினாலும் சரி, விடியற்காலையில் எழுதினாலும் சரி, நேரத்தை யாரும் எண்ணவில்லை. வேலை சரியாக முடிந்ததா என்பதுதான் கணக்கு. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியதும் இப்படி வீட்டிலிருந்தபடி உழைத்த பெண்களே.

மேனேஜ்மென்ட் பாடத்தில் ஹெர்ஸ்பர்க் பெயரைப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து அவர் 1959ல் ஒரு நூல் வெளியிட்டார். சம்பளம், வேலைச் சூழல் போன்றவை குறைந்தால் மனக்குறை வரும். ஆனால் அவை இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதித்த திருப்தி, பொறுப்பு, அங்கீகாரம், வேலையின் தன்மை ஆகியவையே ஊக்கம் தரும் என்றார். ஷர்லி கொடுத்தது இந்த இரண்டாவது வகை. "உன்னால் இனி முடியாது" என்று உலகம் ஒதுக்கியவர்களிடம் கடினமான வேலையைக் கொடுத்து, நம்பி விட்டுவிட்டார்.

ஆனால் இதில் ஒரு ஓட்டையும் உண்டு. முடித்த வேலைக்குத்தான் கூலி. வேலை வராவிட்டால் வருமானம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தம் கம்பெனியை உலுக்கியது. சுதந்திரம் மட்டும் கொடுத்துவிட்டு, லாபம் முழுவதையும் முதலாளி வைத்துக்கொண்டால் அந்த நம்பிக்கை எத்தனை நாள் நிற்கும்?

ஷர்லியின் விடை பங்குகள். லாபத்தில் பங்கு என்று தொடங்கி, கம்பெனியின் கால் பகுதியைத் தன் கையிலிருந்தே பணியாளர்களுக்குக் கொடுத்தார். 1991ல் கட்டுப்பாடே அவர்கள் வசம் வந்தது. 1996ல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். பணியாளர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. பெண்களுக்குச் சம வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று 1975ல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், பெண்களை மட்டுமே விரும்பி எடுத்த இந்தக் கம்பெனியையும் பிடித்தது. ஆண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

கம்பெனி பிறகு எஃப் இன்டர்நேஷனல், எஃப்ஐ குரூப் என்று பெயர் மாறி, 2001ல் சான்சா ஆனது. நொய்டா, புனே, சென்னையிலும் அதற்கு அலுவலகங்கள் இருந்தன. 2007ல் ஸ்டெரியா அதை வாங்கியது. சொத்தில் பெரும்பகுதியை நன்கொடையாகக் கொடுத்துவிட்ட ஷர்லி, 2025 ஆகஸ்டில் தன் 91வது வயதில் காலமானார்.

இன்று வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மவுஸ் அசைகிறதா என்று பார்க்கக்கூட சாஃப்ட்வேர் இருக்கிறது. அதை வாங்கும் மேனேஜர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம். அந்தப் பெண்களை யாரும் கண்காணிக்கவில்லை. கான்கார்ட் பறந்தது.