மருந்து (சிவகாசி)

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆகும் வேதிப்பொருள் கலவைக்கு வழங்கும் பெயர் மருந்து. தீக்குச்சியின் தலையில் இருப்பதும் பெட்டியின் ஓரத்தில் பூசியிருப்பதும் மருந்து. வாணக் குழலில் திணிப்பதும் மருந்து. வானத்தில் நிறப்பொறியாய்ச் சிதறும் சிறு உருண்டைக்கு மணிமருந்து என்று பெயர். மருந்து அலசுவது (சலித்துக் கலப்பது), மருந்து செலுத்துவது (குழலில் திணிப்பது) என்று வேலைகளும் அதை வைத்தே சொல்லப்படுகின்றன. மருந்துக்கடைச் சரக்கும் இந்த மருந்தும் பல இடங்களில் ஒரே பொருள்தான் என்பது ஊருக்கு வெளியே அதிகம் அறியப்படாத செய்தி.

மழை குறைந்த கரிசல் பூமி இது. விவசாயத்தைக் கெடுத்த வறண்ட காற்றே தீக்குச்சி காய்வதற்கு உதவியது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். நிற மத்தாப்புத் தீக்குச்சியில் தொடங்கிய பழக்கம் பட்டாசாக வளர்ந்தது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் அதை உரிமம் பெற்ற தொழிலாக்கின. தீப்பெட்டி ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையும், பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகங்களும் எழுந்தன.

தீக்குச்சியின் வேதியியல்

வீட்டுக்கு வீடு நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள்களில், தீக்குச்சியைப் போல வேதியியல் செறிந்தது வேறொன்று இல்லை எனலாம். 19ஆம் நூற்றாண்டில் தீக்குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கு உரசினாலும் பற்றும், கொடிய விஷமும்கூட. அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் அதைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் தடைச் சட்டம் 1913இல் வந்தது. ஆகவே சிவகாசியில் தொழில் தொடங்கும்போதே அந்த விஷம் சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது.

வெள்ளைப் பாஸ்பரஸின் இடத்தைப் பிடித்தது சுவீடனில் உருவான பாதுகாப்புத் தீக்குச்சி. மருந்தை இரண்டாகப் பிரித்ததே அதன் நுட்பம். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள் ஆகியவற்றை வச்சிரப் பசையில் குழைத்துக் குச்சியின் தலையில் வைத்தார்கள். விஷமற்ற சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் ஓரத்தில் பூசினார்கள். உரசும்போது எழும் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸில் இம்மியளவு வெள்ளையாக மாறிப் பற்றுகிறது. குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கந்தகம் எரிகிறது. அந்தச் சுடர் மரத்துக்குத் தாவுவதற்காகக் குச்சியின் முனையை முன்கூட்டியே மெழுகில் தோய்த்திருப்பார்கள். ஊதி அணைத்தபின் கங்கு நீடிக்காமல் இருக்க மரத்தில் பாஸ்பேட் உப்பு ஏற்றுவதும் உண்டு. பல ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாயான பெட்டிக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

மருந்துக்கடையில் அதே சரக்கு

வெடிக்கு ஆக்சிஜன் கொடுப்பது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். சித்த மருத்துவத்தில் இதே உப்பை வெடியுப்புச் சுண்ணமாக்கிச் சிறுநீர்க் கோளாறுகளுக்குக் கொடுக்கிறார்கள். பல்கூச்சத்துக்கான பற்பசைகளில் இன்று கலப்பதும் அதுவே. கந்தகம் சொறி சிரங்குக் களிம்பில் இருக்கிறது. குளோரேட் கலந்த பற்பசையும் தொண்டைக்கான வில்லைகளும் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் விற்றன. அதன் நச்சுத்தன்மை தெரிந்தபின் கைவிடப்பட்டன. உரசும் பட்டையில் சேரும் ஆன்டிமனி சல்பைடு நம் வைத்தியர்கள் அறிந்த அஞ்சனக்கல். சிவகாசிக்காரர்கள் கல்கத்தாவில் தீப்பெட்டி பயின்ற அதே காலத்தில், அதே நகரில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆன்டிமனியிலிருந்து யூரியா ஸ்டிபமைன் செய்து காலா அசார் காய்ச்சலால் சாக இருந்தவர்களைக் காப்பாற்றினார்.

பேரியத்தின் கதை இன்னும் தெளிவானது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட் நீரில் கரையும். உடலுக்குள் போனால் நஞ்சு. வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் நோயாளி குடிக்கும் பேரியம் சல்பேட் கரையாது. போன வழியே வெளியேறிவிடும். நஞ்சும் மருந்தும் தனிமத்தின் பெயரால் பிரிவதில்லை. சேர்மத்தின் தன்மையும் அளவும்தான் அவற்றைப் பிரிக்கின்றன.

தடையும் மாற்றமும்

ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தையும் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் தந்தது. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் கலவைகளை உருவாக்கியது. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவி வெளியாகித் தூசியை அடக்கும். ஸ்டாரில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. சஃபலில் அலுமினியம் குறைவு. நுண்தூசி முப்பது விழுக்காடேனும் குறைய வேண்டும் என்பது இலக்கு. பேரியத்தை இழந்ததும் சரவெடி நின்றதும் பல சிறு ஆலைகளின் பிழைப்பைப் பாதித்தன.

வாங்குகிறவரின் காற்றுக்காக மருந்து மாறியிருக்கிறது. அதைக் கலக்கிறவருக்காக மாறியது குறைவு. தீக்குச்சி மருந்து ஈரப்பசையில் குழைக்கப்படுகிறது. பட்டாசு மருந்து பெரும்பாலும் உலர்தூளாக, கையால் சல்லடையில் அலசப்படுகிறது. அது பற்றிக்கொள்ள ஓர் உராய்வு போதும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம் என்பதால் பட்டாசில் அக்கலவைக்குத் தடை உண்டு. அலுமினியத்தூள் கலந்த மிச்ச மருந்தில் ஈரம் இறங்கினால் தானே சூடேறிப் பற்றக்கூடும். அதனால் அன்றைய மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். இரும்புக் கருவி கூடாது, பருத்தி உடை வேண்டும், ஓர் அறையில் விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் கூடாது என்பவை எழுதப்பட்ட விதிகள். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தபோது சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். சிவகாசிக்கு அடுத்து வர வேண்டிய கண்டுபிடிப்பு, மருந்து அலசும் அறையிலிருந்து மனிதக் கையை எடுத்துவிடும் ஒன்றுதான்.