அப்பறமா எங்கயோ ஒட்டுற பேரு

ஆம்பூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் ஒரு அக்கா திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்பர் என்பார்கள் அங்கே. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விரலெல்லாம் ஊசித் தழும்பு. "இது எந்த ஊருக்குப் போகுதுக்கா?" என்று கேட்டேன். "அது நமக்கெங்க தெரியும்? ஏஜெண்டு குடுத்துட்டுப் போறாரு, வாங்கிட்டுப் போறாரு. பேரெல்லாம் அப்பறமா எங்கயோ ஒட்டுவாங்க" என்றார்.

சரக்கின்மேல் அது செய்யப்பட்ட இடத்தின் பெயர் இருக்கவேண்டும் என்ற சட்டம் இப்படிப்பட்ட கைகளுக்காக வந்ததல்ல. 1887 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வணிகக் குறிச் சட்டம் நிறைவேறியபோது அதற்காகக் கூச்சல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி முதலாளிகள். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்தியில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்பது அவர்களின் புகார். பிரிட்டிஷ் பெயரோ குறியோ தாங்கி வரும் அந்நியச் சரக்கு, தான் செய்யப்பட்ட நாட்டையும் சொல்லியாக வேண்டும் என்றது சட்டம். 'ஜெர்மனியில் செய்தது' என்பது மட்டமான சரக்குக்கு வைத்த சூடு. ஆனால் சரக்கின் தரம் ஏறியது. சூடே நல்ல பெயராகிவிட்டது. 1896இல் எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதி இங்கிலாந்தை எச்சரிக்க வேண்டி வந்தது.

இழிவாகச் சூட்டிய பெயரை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வது நமக்குத் தெரியாததா? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கவும் கூடாது. ஜெர்மன் முதலாளிக்குப் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. சீனிவாசனுக்குப் பின்னால் சேரிதான் இருந்தது.

அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்து, இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போடச் சொன்னது. ஜப்பான்காரர்கள் தங்கள் பீங்கானில் 'நிப்பான்' என்று தங்கள் வாயில் வழங்கும் பெயரைப் போட்டு வந்தார்கள். 1921இல் அது செல்லாது, 'ஜப்பான்' என்றுதான் போடவேண்டும் என்றார்கள் அமெரிக்கச் சுங்க அதிகாரிகள். அதற்கடுத்த வருஷம்தான், 1922இல், எம்.சி.ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின்பேரில், பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுதச் சென்னை அரசு ஆணையிட்டது. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள அடுத்தவனுடைய ஆணை தேவைப்படுகிறது பாருங்கள்.

வெள்ளைக்காரன் தன் சட்டத்தை 1889இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தான். பீஸ் துணியில் எத்தனை கெஜம் என்று முத்திரை குத்தவேண்டும். பொய்யான விவரம் போட்ட சரக்கை இறக்கக்கூடாது. இறங்குகிற சரக்குக்குத்தான் இவ்வளவு கவலை. இங்கிருந்து ஏறிய தோலின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றார்கள். கம்பெனி ஆட்சி 1858லேயே முடிந்துவிட்டது, ஆனாலும் தோலின்மேல் கம்பெனி பெயரே நின்றது. முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸுக்கு அப்பர் வேண்டுமென்று இந்தத் தோலை அரசே வாங்கிக் குவித்தது. செத்த மாட்டை உரித்தவர்கள், சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு இறங்கி நின்றவர்கள், மயிர் வழித்தவர்கள், நாற்றத்தை வீட்டுக்குச் சுமந்து போனவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அவர்கள் உடம்பில் லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. தோலில்தான் ஒட்டவில்லை.

சுதந்திர இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றி 2003 செப்டம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தது. ஈ.ஐ. லெதர் என்ற பெயரும் அதில் பதிவாகியிருக்கிறது. கம்பெனியின் பெயர் இப்போது தமிழ்நாட்டின் பெருமை! சட்டத்தின் இரண்டாம் பிரிவை எடுத்துப் படித்தேன். கைவினைப் பொருளிலும் தொழிற்பொருளிலும் 'உற்பத்தியாளர்' யார்? அதைச் செய்கிறவர். சரி. கூடவே, அதில் வியாபாரம் செய்கிறவரும் அடக்கம் என்கிறது அந்தப் பிரிவு. குழியில் இறங்கியவரும் குடோன் சாவி வைத்திருப்பவரும் ஒரே சொல்லுக்குள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போகக்கூடியவர் இருவரில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலி 2010இல் ஒரு சட்டம் போட்டது. தோல் பதனிடுதல், அப்பர் தைத்தல், பொருத்துதல், மெருகேற்றல் ஆகிய கட்டங்களில் குறைந்தது இரண்டு அங்கே நடந்தால்தான் 'இத்தாலியில் செய்தது' என்று போடலாம். ஐரோப்பியச் சந்தை விதிகளோடு மோதியதால் நடைமுறைக்கு வராமலே கிடந்துவிட்டது. வந்திருந்தாலும்தான் என்ன? தோல் ராணிப்பேட்டையிலும் அப்பர் ஆம்பூர்த் திண்ணையிலும் முடிந்து, மீதி இரண்டு கட்டம் அங்கே நடந்தால் ஷூ இத்தாலிக்காரன் ஷூதான்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஷூவுல என் பேரு எதுக்கு தம்பி? எத்தினி ஜோடி தைச்சேன்னு, எந்தக் கம்பெனிக்குன்னு ஒரு சீட்டு குடுக்கச் சொல்லு. நாளைக்குக் கண்ணு போச்சுன்னா ஈ.எஸ்.ஐ.ன்னு போய் நிக்க அது வேணுமில்ல?" என்றார்.

சாயங்காலம் ஏஜெண்டு வந்தார். எண்ணி எடுத்துக்கொண்டு நோட்டில் குறித்தார். எட்டிப் பார்த்தேன். அக்காவின் பெயர் இல்லை. 'காலனி – 40 ஜோடி' என்றிருந்தது.